கோப்பிப் பைத்தியமும் குட்டிக் கம்பனிப் பங்குகளும்

ஹொஸ்டல்ல நடந்த ஒரு வாக்குவாதத்தில இருந்து தொடங்குறேன். பகுதி நேர வேலையில சேர்த்த காசுக்கு ஒரு நண்பன் குட்டிக் கம்பனி ஒன்றின் பங்குகளை வாங்கியிருந்தான். "அது சுத்த ஏமாத்து மச்சான், நாலு பேர் சேர்ந்து விலையை ஏத்துறாங்க" என்றான் இன்னொருத்தன். "கம்பனி இருக்கு, பெக்டரி இருக்கு. பிறகு எப்படி ஏமாத்து?" என்று இவன் கேட்டான். ரெண்டும் ஒரே நேரத்தில சரியா இருக்கலாம். நான் மாத்தளைக்காரன், எங்க ஊர் வரலாறே அதுக்குச் சாட்சி.

1835இல் பிரித்தானியா இலங்கைக் கோப்பிக்கான இறக்குமதி வரியை மேற்கிந்தியக் கோப்பிக்குச் சமமாக்கியது. அடிமை முறை ஒழிந்ததால் அங்கே விளைச்சல் குறைந்துகொண்டிருந்தது. கண்டி, மாத்தளைப் பக்கத்துக் காடுகள் மேல் எல்லோருக்கும் ஆசை வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட முடியாத நிலத்தை முடிக்குரியது ஆக்கியது. 1844 வரை ஒரு ஏக்கர் வெறும் 5 சிலிங்.

யார் வாங்கினார்கள் என்பதுதான் சுவாரசியம். தேசாதிபதி ஸ்டுவர்ட் மெக்கென்சி, காலனித்துவச் செயலாளர் அன்ஸ்ட்ரூதர், அரசாங்க அதிபர் டேர்னர். நிலத்தை விற்பவரும் அவரே, வாங்குபவரும் அவரே! (மகாவம்சத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த அதே டேர்னர்தான்.) அரசாங்க உத்தியோகத்தர் தோட்டம் வைத்திருக்கக் கூடாது என்று 1845இல் தடை வந்தபோது ஓட்டம் உச்சத்துக்குப் போயிருந்தது. இந்தியாவில் இருந்த கம்பனி இராணுவ அதிகாரிகள்கூட வந்து காசைப் போட்டார்கள். 1847இல் பிரித்தானியாவில் நிதி நெருக்கடி, கோப்பி விலை சரிந்தது. தோட்டங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின, சில அப்படியே காடாகின.

இது மோசடியா? கோப்பி மரம் பொய்யில்லை. ஆனா உள்ளே இருந்தவனுக்குத் தெரிந்தது வெளியே இருந்தவனுக்குத் தெரியாது. என் கணக்கில பாதி மோசடி அங்கேயே முடிஞ்சிடுது.

கொழும்பிலும் இதே கதைதான். 2009 மேயில் யுத்தம் முடிந்தது. அந்த வருஷம் பங்குச் சுட்டெண் இரண்டு மடங்கைத் தாண்டியது, 2010இலும் கிட்டத்தட்ட இரட்டித்தது, 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தொட்டது. பொதுமக்கள் கையில் கொஞ்சப் பங்குகளே உள்ள சின்னக் கம்பனிகள்தான் விளையாட்டுக்கு வசதி. நாலு பேர் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்றால் போதும், விலை ஏறும். ஏறுற விலையைப் பார்த்து ஆசிரியரும் ஓய்வூதியக்காரரும் உள்ளே வருவாங்க, அந்த நாலு பேரும் வெளியே போயிடுவாங்க. இதை விசாரிக்க வேண்டிய பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தலைவர் இந்திராணி சுகததாச 2011 டிசம்பரில் பதவி விலகினார். அடுத்து வந்த திலக் கருணாரத்னவும் 2012 ஓகஸ்டில் விலகினார். 'பங்குச்சந்தை மாஃபியா' என்ற சொல் அப்போதுதான் பத்திரிகைகளில் அடிக்கடி வந்தது.

திரும்ப மாத்தளைக்கு. கோப்பி சரிந்ததும் அரசாங்க வருமானமும் சரிந்தது. தேசாதிபதி டொரிங்டன் 1848இல் என்ன செய்தார் தெரியுமா? கோப்பி ஏற்றுமதி வரியை நீக்கினார். துப்பாக்கிக்கு இரண்டரைச் சிலிங், நாய்க்கு ஒரு சிலிங், கடைக்கு ஒரு பவுண் என்று வரி போட்டார். ஆண்கள் வருஷத்துக்கு ஆறு நாள் தெருவேலை செய்யணும், முடியாட்டி காசு கட்டணும். சூதாடினவனுக்குச் சலுகை, நாய் வளர்த்தவனுக்கு வரி!

ஜூலை 28 அன்று புரன் அப்புவின் ஆட்கள் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கி வரிப் பதிவேடுகளை அழித்தார்கள். பதினொரு நாளில், ஓகஸ்ட் 8ஆம் திகதி, கண்டியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நம்ம ஆட்கள் இந்தக் கதையில் எங்கே? மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து மாத்தளைக்கு வந்தவர்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். தப்பி வந்து கோப்பி ஆய்ந்தவர்களில் பலருக்கு, துரை முறிந்துபோனதும் சம்பளம் கிடைக்கவில்லை. அவர்கள் பங்கும் வாங்கவில்லை, நிலமும் வாங்கவில்லை.

இதை நண்பனிடம் சொன்னேன். கேட்டுட்டு, "விலை நேத்து கொஞ்சம் ஏறியிருக்கு" என்றான். இன்னும் விற்கல.