கணவரின் கையெழுத்து

புதுச்சேரியில் சில குடும்பங்களை ‘ரெனோன்சான்’ என்று குறிப்பிடுவார்கள். பிரெஞ்சில் அதற்குத் ‘துறந்தவர்’ என்று பொருள். அவர்கள் துறந்தது சாதி, மத வழக்கப்படி அமைந்த தனிச்சட்டத்தை. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் வெளியான ஆணை, அதைக் கைவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க இந்தியர்களுக்கு வழிவிட்டது. இதற்கு முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி, ‘கதவு’ என்று பொருள்படும் லாப்போர்த் என்பதைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். பதிவு செய்தவர்களில் தலித்துகளும் கிறித்தவர்களும் பலர். சாதிக்கொரு நீதி சொன்ன வழக்கத்திலிருந்து வெளியேற அது உண்மையிலேயே ஒரு வழிதான்.

அந்தக் கதவு வழியே பெண்கள் எப்படி நுழைந்தார்கள்? துறப்பவரோடு அவருடைய மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வருவார்கள் என்றது ஆணை. கணவர் கையெழுத்திட்டால் மனைவிக்கும் சட்டம் மாறிவிடும். பிறகு அதைத் திரும்பப் பெறவும் முடியாது.

இதனால் மகள்களுக்கு நன்மை இருந்தது. பெற்றோர் சொத்தில் ஆண், பெண் என்ற வேறுபாடில்லாமல் பிள்ளைகளுக்குச் சமபங்கு என்றது பிரெஞ்சுச் சட்டம். மகன்கள் இருக்கும் வீட்டில் மகளுக்குப் பங்கில்லை என்ற இந்து வழக்கத்தோடு ஒப்பிட்டால், இது பெரிய மாற்றம்.

மனைவியின் நிலை வேறு. 1804இல் நெப்போலியன் காலத்தில் உருவான அச்சட்டம், மனைவி கணவருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. பொதுச் சொத்தை நிர்வகிப்பவர் கணவர். பிள்ளைகள் மீதான அதிகாரமும் தந்தைக்கே. பிரான்சில் கீழ்ப்படிதல் கடமை 1938இல் நீக்கப்பட்டது. கணவரின் தடையின்றி வேலைக்குப் போகவும், தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் மணமான பெண்ணுக்கு 1965இல்தான் உரிமை கிடைத்தது. தந்தையின் அதிகாரம் பெற்றோர் இருவரின் அதிகாரமாக மாறியது 1970இல்.

இதற்கிடையே 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. அதன்பின் பிரான்சில் வந்த திருத்தங்கள், இந்தியக் குடிமக்களாகத் தொடர்ந்த ரெனோன்சான்களுக்குப் பொருந்தவில்லை. இந்து திருமணச் சட்டம், இந்து வாரிசுரிமைச் சட்டம் ஆகியவற்றிலிருந்தும் அவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 1965ஆம் ஆண்டின் சீர்திருத்தம் பாரிஸில் ஒரு பெண்ணின் வேலையைக் காத்தது. அதே சட்டப் பரம்பரையில் மணமான புதுச்சேரிப் பெண்ணுக்கு அது எட்டவில்லை.

சாதியை விட்டு வெளியேறிய சமூகம் என்று இவ்வரலாற்றைப் பெருமையோடு சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெருமையில் பெண்ணுக்குக் கிடைத்த பங்கையும் கணக்கிட வேண்டும். எல்லோருக்கும் ஒரே சிவில் சட்டம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நாம் படிக்க வேண்டியது அதன் தலைப்பை அல்ல. மனைவியின் உழைப்பு, ஊதியம், பிள்ளைகள் பற்றி உள்ளே எழுதப்பட்டிருக்கும் விதிகளை. அவற்றை எழுதும் இடத்தில் பெண்கள் இருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். 1881இல் அந்தக் கேள்வியை யாரும் மனைவியரிடம் கேட்கவில்லை.