அடிமைகளுக்கு ஓர் ஆலயம்

இந்துமாக்கடலில் மொரீசியசுக்கு அண்மையில் உள்ளது ரெயூனியன் தீவு. இன்றும் பிரான்சின் பகுதி. அதன் மேற்கே வில்லேல் என்னும் பழைய கரும்புத் தோட்டத்தில் ஒரு சிறு கத்தோலிக்க ஆலயம் நிற்கிறது. கூரை கூராக எழுந்திருப்பதால் 'கூர்முனை ஆலயம்' என்பது அதன் பெயர். 1841-இல் தொடங்கி 1843-இல் கட்டி முடித்தவர் தோட்டத்தின் உடைமையாளர் தெபாசேன் அம்மையார். 1800-இல் கணவரை இழந்தபின் தோட்டத்தைத் தாமே ஆண்டவர். நானூறுக்கும் மேற்பட்ட அடிமைகள் அவருக்கு உரியவர்கள். அவர்களுக்கென எழுந்ததே இவ்வாலயம்.

அம்மையாரின் பக்தியை நாம் ஐயுற வேண்டியதில்லை. ஆயினும் காலம் நோக்கத்தக்கது. மொரீசியசில் ஆங்கிலேயர் 1835-இலேயே அடிமைமுறையை ஒழித்துவிட்டனர். 1840 ஜனவரி 5-ஆம் நாளிட்ட பிரெஞ்சு அரசாணை, அடிமைகளுக்குச் சமயக் கல்வி அளிக்கப்பட வேண்டும் என்றது. வரப்போகும் விடுதலைக்கு முன் பணிவைக் கற்பித்துவிட வேண்டும் என்பது முதலாளிகள் பலரின் கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு குறுகியது என்பதற்கு மொன்னே பாதிரியாரின் கதையே சான்று. அடிமைகளிடையே ஊழியம் செய்த அவர், அவர்கள் பக்கம் சாய்கிறார் என்று தோட்டக்காரர்கள் கொதித்தெழ, 1847-இல் தீவைவிட்டே வெளியேற்றப்பட்டார். உபதேசம் வேண்டும், உபதேசி அளவோடு நிற்க வேண்டும்!

1848 டிசம்பர் 20-இல் ஏறத்தாழ 62,000 பேர் விடுதலை பெற்றனர். 1846-இலேயே மறைந்துவிட்ட அம்மையார் அதைக் காணவில்லை. அவருடைய கல்லறை ஆலயத்தினுள்ளேயே இருக்கிறது. தீவின் நாட்டார் கதைகளோ அவரை அங்கே உறங்க விடுவதில்லை. எரிமலையின் வாய்க்குள் வெந்து அலறுகிறார் என்கின்றன.

இக்குடும்பம் நமக்கு அந்நியமன்று. அம்மையாரின் பேரன் எழேன் தெபாசேன் தெ ரிஷ்மோன்தான் 1826 முதல் 1828 வரை புதுச்சேரியை ஆண்டவர். ஏனாமிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ரெயூனியனுக்குக் கப்பலேறியதும் 1828-இல்தான். அடிமைகள் விடுதலையானபின் கரும்புக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் ஆயிரக்கணக்கில் தமிழரை அனுப்பின. 1860-இல் ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கையால் பிரிட்டிஷ் மாவட்டங்களும் திறந்துவிடப்பட்டன. அவல நிலை கண்டு 1882-இல் ஆங்கிலேயரே அதை நிறுத்தும்வரை இது தொடர்ந்தது.

வந்தவர் பெரும்பாலும் தமிழரே எனினும் தீவார் இட்ட பெயர் 'மலபார்'. பலர் ஞானஸ்நானம் பெற்றனர். பெற்றும் மாரியம்மனைக் கைவிடவில்லை. தோட்டங்களின் ஓரத்திலேயே காளிக்கும் திரௌபதிக்கும் சிறு கோயில்கள் எழுப்பித் தீமிதித்தனர். அம்மையார் அடிமைகளுக்குக் கட்டியதைக் குறிக்கும் 'ஷப்பெல்' என்ற பிரெஞ்சுச் சொல்லாலேயே இக்கோயில்களையும் தீவார் அழைக்கின்றனர்.