சேற்றில் விழுந்த முதல் பெட்டி

பலகைப் பாதையில் நின்றவளை அப்படியே விட்டுவிட்டுப் போன வாரம் பிரிந்தோம். அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று தவித்திருப்பீர்கள். வாருங்கள்.

தண்ணீர் உள்ளே வந்துவிட்டது.

ஆடி மழை. மாஹிம் கழிமுகத்தில் கடல் ஏறிவிட்டால் மழைத்தண்ணீர் வடிய வழியில்லை. சதுப்பில் ஊன்றிய நாலு மூங்கில், மேலே கித்தான். அதுதான் தாராவியில் அவள் வீடு. பாய் மிதந்தது. பிள்ளை தூங்கிய சேலைத் தொட்டிலை உயர்த்தி உயர்த்திக் கட்டினாள். ஒரு சாண் கீழே தண்ணீர்.

"ஏளா, விடிஞ்சதும் ஊருக்கே போயிருவோம்" என்றான் புருஷன்.

பாந்த்ரா கசாப்புக் கூடத்திலிருந்து வரும் தோலைப் பதனிடும் வேலை அவனுக்கு. சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கால் வெந்தவன். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவள் வாய் திறக்கவில்லை.

அந்த ஒரு மணி நேரம் அவள் நெஞ்சில் என்ன ஓடியது? திருநெல்வேலிச் சீமையில் விட்டுவந்த ஊர்க் கிணறு என்றே நினைக்கிறேன். அதில் அவள் வாளி இறங்கக்கூடாது. யாராவது இரங்கி ஊற்றும்வரை குடத்தோடு தள்ளி நிற்க வேண்டும். இங்கேயும் குழாயடியில் கால் கடுக்க நிற்கத்தான் வேண்டும்.

ஆனால், வரிசையில்.

"நான் வரலை. நீங்க போறதுன்னா போங்க."

கடல் இறங்கியது. ஊரிலிருந்து கொண்டுவந்த கடகப்பெட்டியோடு அவளும் இறங்கினாள். முழங்கால் சேறு. நகரம் கொட்டிய குப்பையிலிருந்து தேங்காய் மட்டை, சாம்பல், செங்கல் துண்டு எல்லாம் வாரிவந்து வாசலில் கொட்டினாள். சேறு விழுங்கியது. இன்னொரு பெட்டி. அதையும் விழுங்கியது.

முதல் வாரமே சொன்னேன், இவள் ஒருத்தி அல்ல. அந்தச் சதுப்பில் இறங்கிய எத்தனையோ பெண்களை இவளுக்குள் பார்க்கிறோம். 1909ஆம் ஆண்டு பம்பாய் கெஜட்டியரில் தாராவி ஒரு பெரிய கோலிவாடா, மீனவர் ஊர். அதன் ஓரத்துச் சேற்றை மனிதர் குடியிருக்கும் தரையாக்கியது இந்தத் தலைச்சுமைகள்தாம். எந்தப் பதிவேட்டிலும் இவர்கள் பெயர் இல்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பதினோராவது பெட்டி. காலை வைத்துப் பார்த்தாள்.

புதையவில்லை!

அப்போதுதான் பலகைப் பாதையில் ஒரு லாந்தர் அசைந்து வந்தது. பின்னால் மூன்று ஆட்கள். வெளிச்சம் அவள் காலடியில் நின்றது.

"யாரைக் கேட்டு இங்க கொட்டுன?"

தமிழ்!

அவள் உடம்பு சில்லிட்டது. அந்தக் குரலை அவள் அறிவாள். ஊர்க் கிணற்றடியில் கேட்ட குரல்.

(அடுத்த வாரம்)