மெத்தை சுமந்த பேராசிரியர்

சென்ற மாதம் என் அண்ணன் மகன் கனத்த கண்ணாடி போன்ற ஒரு கருவியை என் தலையில் மாட்டி, காதுகளையும் பொத்திவிட்டான். மறுகணம் நான் பாரிஸ் நகரத்து நோத்ர தாம் மாதா கோயிலில் நின்றேன். காட்சியைவிட ஓசைதான் என்னைச் சிலிர்க்க வைத்தது. பாட்டு நின்ற பிறகும் அது ஐந்தாறு விநாடி விதானத்திலேயே உலவிற்று. தலையைத் திருப்பினால் வாத்தியங்களும் பக்கம் மாறின. நான் இருந்ததோ பத்தடிக்குப் பத்தடி அறை!

இந்த மாயத்தின் வேரைத் தேடினால் அமெரிக்காவுக்குப் போகவேண்டும். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தில் ஒரு விரிவுரை மண்டபம். அங்கே சொன்ன சொல் ஐந்தரை விநாடி சுற்றிச் சுற்றி வந்ததாம். முதல் சொல் அடங்குமுன் பத்தாவது சொல் வந்துவிட்டால் மாணவன் என்னத்தைக் கேட்பான்? பழுதைத் தீர்க்கும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளைஞர் தலையில் விழுந்தது.

ஊரடங்கிய பிறகு, அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்புவார். ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி காதுக்கு எட்டாமல் தேயும் நேரத்தைக் கணக்கிடுவார். விடியுமுன் மெத்தைகள் திரும்பிவிடும். ஒரு கட்டத்தில், தாம் உடுத்திய துணியும் ஒலியை விழுங்குகிறது என்று கண்டார். ஆயிரக்கணக்கான கணக்குகளைத் தள்ளிவிட்டு, பின்பு ஒரே உடையில் மறுபடி தொடங்கினார். எனக்கு அவருடைய சூத்திரத்தைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. சூத்திரம் எளிது: மண்டபம் பெரிதானால் ஒலி நீடிக்கும், விழுங்கும் பரப்பு மிகுந்தால் சீக்கிரம் மடியும். அதை வைத்து எழுந்த பாஸ்டன் சிம்பனி மண்டபம் 1900-இல் திறக்கப்பட்டது. 1968-இல் நார்வே நாட்டார் மூவர், ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் வழிகளைக் கம்ப்யூட்டரிலேயே பின்தொடர்ந்து காட்டினர்.

நான் கேட்டது, 2013-இல் நோத்ர தாமில் நடந்த மாஸ்னேயின் இசை நிகழ்ச்சி. பிரையன் காட்ஸ் குழுவினர் வாத்தியங்களை அருகிலிருந்தே பதிவு செய்து, கோயிலின் ஒலியையும் அளந்து, கணக்கில் மறுபடி கட்டினார்கள். 2019 ஏப்ரல் 15-ஆம் தேதி கூரை எரிந்தது. விதானத்தில் ஓட்டைகள் விழுந்தன. ஓராண்டு கழித்து அளந்தபோது எதிர்முழக்கம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பழைய அளவு கையில் இல்லாவிட்டால், போனது எவ்வளவு என்று யார் சொல்லியிருப்பார்கள்? 2024 டிசம்பரில் கோயில் மறுபடி திறந்தது.

கருவியைக் கழற்றியதும் மின்விசிறியின் கடகடப்புக் கேட்டது.

"எப்படி, சித்தப்பா?" என்றான் பையன்.

"இன்னொரு தடவை போடு" என்றேன்.