கொழுந்துச் சாக்கும் சூரியப் பெட்டியும்

மலைநாடு குளிர்நாடு என்பது யாவரும் அறிந்ததே. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்த ஊர். அங்கு ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியசு. இத்தகைய இடத்தில் ஒரு பொருள் மிகையாகச் சூடேறிக் கெட்டுப்போகும் என்றால் எளிதில் நம்ப இயலாது. ஆயினும் மலைநாட்டுத் தேயிலையின் வரலாற்றில் பெரும்பகுதி வெப்பத்தை அடக்கி ஆண்ட வரலாறே ஆகும். கூரைமேல் வைத்த சூரியத் தகடும், அதன் மின்சாரத்தைப் பற்றரியில் சேர்க்கும் சிறு பெட்டியும் அவ்வரலாற்றின் அண்மைக்கால அத்தியாயம்.

கொழுந்து பறிப்போர் நெடுங்காலமாக அறிந்திருக்கும் உண்மை ஒன்றுண்டு. செடியை விட்டுப் பிரிந்த பின்னரும் கொழுந்து சுவாசிக்கின்றது. சுவாசிக்கும்போது வெப்பத்தை வெளிவிடுகின்றது. அதனைச் சாக்கில் இறுக அமுக்கி அடைத்தால் அவ்வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். வெளியே பனி மூட்டம் கவிந்திருந்தாலும், சாக்கின் நடுவிலுள்ள கொழுந்து சூடேறிச் சிவந்து பழுதாகும். ஆதலால் கொழுந்தைத் தளர்வாக இடுவதும், நிழலில் வைப்பதும், காலந்தாழ்த்தாது தொழிற்சாலைக்கு அனுப்புவதும் தோட்டத்து வழக்கமாயின. புறத்தே குளிர் இருந்தால் மட்டும் போதாது. அகத்தே பிறக்கும் வெப்பம் வெளியேறவும் வழி வேண்டும் என்பதே இதன் பாடம்.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்தூரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அந்நாளில் இலையைக் கையால் உருட்டி, மண்ணடுப்பில் கரித்தணலின்மேல் கம்பித் தட்டுகளில் உலர்த்தினர். தணல் சற்று மிஞ்சினால் இலை கருகும். குறைந்தால் ஈரம் நிற்கும். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் பற்றத் தொடங்கியது. பின்னர்த் தேயிலை மலைநாடெங்கும் பரவியது. பெருந்தொகையான இலையைக் கரியடுப்பில் உலர்த்துதல் இயலாததாயிற்று.

இதற்கு விடை கண்டவர்களுள் ஒருவர் பெல்பாஸ்ட் நகரத்தவரான சாமுவேல் டேவிட்சன். இளமையில் இந்தியாவின் கச்சார் பகுதித் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய அவர், தீ இலையை நேரே தாக்காமல், சூடாக்கிய காற்று இலையினூடு பாயும் உலர்த்தியை அமைத்தார். 1881இல் பெல்பாஸ்டில் தொடங்கிய தம் தொழிற்சாலைக்கு, ஆபிரிக்கப் பாலைவனத்திலிருந்து எழும் வெங்காற்றின் பெயராகிய ‘சிரொக்கோ’ என்பதையே சூட்டினார். அவர் வகுத்த காற்றாடிகள் பின்னாளில் சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் காற்றோட்டம் அளிக்கப் பயன்பட்டன. வெப்பத்தைக் கொண்டு செல்வது காற்றே. காற்றுக்குப் பாதை அமைத்தவன் வெப்பத்துக்கு எசமான் ஆவான் என்ற நெறி அவ்வியந்திரங்களில் உருப்பெற்றது. மலைநாட்டுத் தொழிற்சாலைகளின் மேல்மாடிகள் அகலமாகவும் சாளரங்கள் நிறைந்தனவாகவும் எழுந்ததற்கும் இதுவே காரணம். கொழுந்தைப் பரப்பி, அதன்மேல் காற்றைச் செலுத்தி வாட்டுவதற்கென்றே அம்மாடிகள் கட்டப்பட்டன.

இலைக்கு இத்துணைக் காற்று கிடைத்தது. அதனைப் பறித்தவருக்குக் கிடைத்தது என்ன? பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள லயன் காம்பரா. ஒரு சுவரை முதுகாகக் கொண்டு இருபுறமும் குடும்பங்கள். பின்புறச் சாளரம் இல்லை. மேலே தகரக் கூரை. உள்ளேயே அடுப்பும் புகையும். ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்தமையால், ஓர் அறையில் பற்றிய தீ மற்ற அறைகளையும் எளிதில் சூழும்.

மின்சாரத்தின் கதையும் இவ்வாறே நடந்தது. நுவரெலியா நகருக்கு மின்னொளி அளிக்க, நானுஓயாவுக்குப் போகும் வழியில் பிளாக்பூலில் சிறு நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா. மலையாறுகளின் நீரால் நாடு முழுவதற்கும் மின்சாரம் அளிக்கலாம் என்பதை அவர் 1918இல் பொறியியலாளர் கழகத்தில் எடுத்துரைத்தார். அக்கனவு 1950இல், நோர்ட்டன் பிரிட்ஜ் பகுதி நீரால் இயங்கிய லக்ஷபான நிலையத்தில் நனவாயிற்று. தோட்டங்களின் நடுவே பிறந்த அம்மின்சாரம் கம்பிவழி கொழும்புக்குச் சென்றது. அருகிலிருந்த லயன்கள் பலவற்றுக்கோ அது பல பத்தாண்டுகள் கழித்தே வந்தது.

இடைக்காலத்தில் மக்கள் தாமே ஒரு வழி கண்டனர். மோட்டார் வண்டிப் பற்றரியைத் தோளிற் சுமந்து கடைத்தெருவுக்குச் சென்று, மின்னேற்றிக் கொண்டுவந்து, விளக்கையும் தொலைக்காட்சியையும் இயக்கினர். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த சிலிக்கன் சூரியக் கலம், அச்சுமையை இறக்கவல்ல கருவியாக வந்தது. உலக வங்கியின் உதவியோடு இலங்கையில் 1997இலும் 2002இலும் தொடங்கிய திட்டங்களின்கீழ், ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் சிறு சூரியத் தகடுகளைப் பெற்றன. மக்கள் இதனைச் ‘சோலார்’ என்றே வழங்கினர்.

தகட்டுக்கும் பற்றரிக்கும் இடையே காவலாக நிற்பது மின்னேற்றக் கட்டுப்பாட்டுப் பெட்டி. ஈயப் பற்றரி நிறைந்த பின்னும் மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தால் அதன் நீர் பிரிந்து, எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயு எழும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சன்றோ! அம்மிகையைத் தடுப்பதே பெட்டியின் கடன். ஆனால் காவலன் உழைக்கும்போது தானும் வியர்ப்பான். தகட்டிலிருந்து 200 வாற்று வந்து, அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வழியில் இழக்கப்பட்டாலும், 10 வாற்று வெப்பமாகப் பெட்டியில் பிறக்கும். தளர்ந்த இணைப்பு இதனினும் கொடியது. 0.05 ஓம் தடையுள்ள இணைப்பினூடு 20 அம்பியர் ஓடினால், அவ்வொரு புள்ளியிலேயே 20 வாற்று வெப்பம் தோன்றும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும்.

குளிர்நாடு என்ற எண்ணம் ஏமாற்றுவது இங்கேதான். நல்ல வெயிலில் தகட்டின் கலங்கள் சூழ்காற்றைவிட 25 பாகை அளவு கூடுதலாகச் சூடேறும். 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் தகட்டின் ஆற்றல் நூற்றுக்கு அரைப்பங்கு அளவு குறையும். தகரத்தோடு ஒட்டிப் பொருத்திய தகடு இன்னும் கூடுதலாகக் காயும். அன்றியும், உயரம் ஏற ஏறக் காற்று மெலிகின்றது. நுவரெலியாவின் காற்று கடற்கரைக் காற்றைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு அடர்த்தி குறைந்தது. ஆகவே ஒரே அளவு காற்று அங்கே குறைந்த வெப்பத்தையே ஏந்திச் செல்லும். 1,000 மீற்றருக்கு மேல் மின்கருவிகளின் சுமையைக் குறைக்க வேண்டும் என்று பல கைநூல்கள் கூறுவதன் காரணம் இதுவே. ஹற்றனும் நுவரெலியாவும் அவ்வெல்லைக்கு மேற்பட்டவை.

இன்று கூரைமேல் சூரியத் தகடும் உள்ளே படுக்கையும் பொருத்திய வீட்டு வண்டிகளும் உல்லாசப் பயணிகளோடு மலைப்பாதைகளில் ஏறுகின்றன. அவற்றில் பெட்டியையும் பற்றரியையும் இருக்கையின் அடியில் மூடி, மேலே போர்வைகளை அடுக்குவோர் உளர். லயன் காம்பராவின் மூலையிலும் வண்டியின் மூலையிலும் விதி ஒன்றே. தகட்டுக்கும் கூரைக்கும் இடையே விரலளவேனும் காற்று புகும் இடைவெளி வேண்டும். பெட்டியை எரியாத பலகையில் செங்குத்தாக நிறுத்தி, மேலும் கீழும் இடம்விட வேண்டும். சூடேறிய காற்று மேலே செல்லும், குளிர்ந்த காற்று கீழிருந்து வந்து சேரும். மூடிய அறையெனில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகத் துளைகள் வேண்டும். கம்பி தடிப்பாகவும் குறுகியதாகவும் இருத்தல் நன்று. பற்றரியின் அருகில் உருகி பொருத்துதல் இன்றியமையாதது. வண்டியின் குலுக்கலால் திருகாணிகள் தளரும். அவற்றை அவ்வப்போது இறுக்க வேண்டும். பற்றரியை அடுப்புக்கும் படுக்கைக்கும் அப்பால், குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். அதன் வெப்பநிலை 10 பாகை உயர்ந்தே நின்றால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு கேட்பதன்று. துளைக்கு வாளும், இறுக்குதற்குத் திருப்புளியும் போதும். சாக்கைத் தளர்வாகக் கட்டிய கைகளுக்கு இந்நெறி புதிதுமன்று. இலைக்கு மாடி கட்டிக் காற்றை அழைத்த மலைநாட்டில், மனிதர் உறங்கும் அறைக்கும் அதே காற்றை அழைப்பது நெடுநாள் கடன். விளக்கு எரியும் வீட்டில் சாளரமும் திறந்திருக்குமாயின், அக்கடனில் ஒரு பங்கு தீர்ந்ததாகும்.