நட்டஈடு பெற்றோர் யார்?

அடிமை வணிகத்துக்கான நட்டஈடு பற்றிய பேச்சு எழுந்ததும் மேலைநாட்டு அரசுகள் இரு மறுப்புகளை முன்வைப்பது வழக்கம். காலம் நெடிது கடந்துவிட்டது என்பது ஒன்று. இழப்பைக் கணித்தல் இயலாது என்பது மற்றொன்று. ஆயின் பிரித்தானிய அரசு அடிமைமுறைக்காக ஏற்கெனவே ஒருமுறை நட்டஈடு வழங்கியுள்ளது. அதனைப் பெற்றோர் அடிமைகளல்லர், அவர்தம் உடைமையாளரே.

1833 ஆம் ஆண்டின் அடிமை ஒழிப்புச் சட்டம் உடைமையாளருக்கென 2 கோடி பவுணை ஒதுக்கிற்று. அரசின் அன்றைய ஆண்டுச் செலவினத்தில் இஃது ஏறத்தாழ 40 வீதமாகும். கணிப்பதில் அப்போது இடர்ப்பாடு இருக்கவில்லை. ஏறத்தாழ எட்டு இலட்சம் மனிதர் குடியேற்றநாட்டு வாரியாகவும் தொழில்வாரியாகவும் வகைப்படுத்தப்பட்டனர். 1822 முதல் 1830 வரையிலான விற்பனை விலைகள் அளவுகோலாயின. வயலில் உழைப்பவனுக்கு ஒரு தொகை, கைவினைஞனுக்கு இன்னொன்று. முதியோரும் நோயாளரும் ஒரு தனி வகை. ஆறு வயது நிரம்பாத குழந்தைக்கும் ஒரு விலை. மனிதனைப் பண்டமாகக் கண்ட பொருளாதாரம், அவனை விடுவிக்கும்போதும் பண்டமாகவே விடுவித்தது.

விடுதலையும் உடனே கிட்டவில்லை. 'பயிற்சித் தொழிலாளர்' என்ற பெயரில் அவர்கள் 1834 முதல் முன்னைய எசமானருக்கே ஊதியமின்றி உழைக்க நேர்ந்தது. கடும் எதிர்ப்பின் பின்னரே 1838 இல் அம்முறை நீங்கிற்று. ஆக, நட்டஈட்டின் ஒரு பகுதியை அடிமைகளே தம் உழைப்பால் செலுத்தினர் எனலாம்.

இச்சட்டத்தின் 64 ஆம் பிரிவு இலங்கையை விலக்கியிருந்தது என்பதையும் இவ்விடத்திற் சுட்டவேண்டும். இங்கு அடிமைநிலை சட்டப்படி ஒழிந்தது 1844 இலேயே. தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகளைப் படித்தவர் இதனை அயலார் கதையாகக் கருதார்.

அடிமை உழைப்பின் இலாபம் பிரித்தானியக் கைத்தொழில் மூலதனத்துக்கு ஊட்டமளித்தது என எரிக் வில்லியம்ஸ் 1944 இல் வாதிட்டார். அவரது கணிப்பின் அளவு குறித்து இன்றும் விவாதம் உண்டு. அரசின் வர்க்கச் சார்பை அறிய அவ்விவாதம் முடியும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. நட்டஈட்டுப் பதிவேடுகளே போதுமானவை. பின்னாளில் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை ஜோன் கிளாட்ஸ்டன், 2,508 அடிமைகளுக்காக ஒரு இலட்சம் பவுணுக்கு மேற் பெற்றார். 1838 இல், பயிற்சி முறை நீங்கிய அதே ஆண்டில், அவரது முயற்சியால் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் கப்பலில் பிரித்தானிய கயானாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மொரீசியசுக்கு 1834 முதலே சென்றோருள் தமிழரும் இருந்தனர். பழைய உழைப்புக்கு ஈடு பெற்ற கரங்களே புதிய மலிவான உழைப்பையும் தேடிக்கொண்டன.

பிரான்சு இன்னும் வெளிப்படையாக நடந்துகொண்டது. தாமே போரிட்டு விடுதலை பெற்ற ஹெயிட்டி மக்களிடம், 1825 இல் போர்க்கப்பல்களை நிறுத்தி, முன்னைய குடியேற்றவாசிகளுக்கென 15 கோடி பிராங்கு கேட்டது. 1838 இல் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது.

கரிபியன் சமூக நாடுகள் 2014 இல் பத்து அம்சத் திட்டமொன்றை ஏற்று நட்டஈட்டுக் கோரிக்கையை முன்வைத்தன. மறு ஆண்டு யமேக்கா சென்ற பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரன், கடந்தகாலத்தின் வேதனையிலிருந்து முன்னகர வேண்டுமென அந்நாட்டுப் பாராளுமன்றத்திற் கூறினார். உடைமையாளருக்கு ஈடளிக்க 1835 இல் ரொத்சைல்டு முதலியோரிடம் பெற்று, பின்னர் வேறு அரச கடன்களுடன் இணைக்கப்பட்ட கடன் முற்றாகத் தீர்ந்ததும் அதே 2015 ஆம் ஆண்டிலேயே. அதுவரை அதனைச் செலுத்திய வரியிறுப்பாளருள், கரிபியனிலிருந்து பிரித்தானியாவிற் குடியேறிய அடிமைகளின் வழித்தோன்றல்களும் அடங்குவர்.