தனித்தொகுதியும் அரசியல் அறிவியல் ஆய்வும்

சிங்காரப்பேட்டை அடங்கிய ஊத்தங்கரை, தமிழ்நாட்டின் 44 பட்டியல் சாதித் தனித்தொகுதிகளுள் ஒன்று. இங்குப் பட்டியல் சாதியினர் மட்டுமே போட்டியிட இயலும்; வாக்களிப்போரோ அனைத்துச் சாதியினர். இவ்வமைப்பால் சேரிக்கு விளைந்தது என்ன?

நார்வே நாட்டு அரசியல் அறிவியலாளர் பிரான்செஸ்கா ஜென்செனியஸ், 15 மாநிலங்களின் 3,000க்கும் மேற்பட்ட சட்டமன்றத் தொகுதிகளை 1971, 2001 ஆண்டுத் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்தார். தனித்தொகுதிகளுக்கும் அவற்றையொத்த பொதுத்தொகுதிகளுக்கும் இடையே வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இட ஒதுக்கீட்டை எதிர்ப்போர் இதனைக் கையிலெடுக்கக்கூடும். அது பிழையான வாசிப்பு. தனித்தொகுதி உறுப்பினர் கட்சிக்கும் பிற சாதிப் பெரும்பான்மை வாக்குக்கும் கட்டுப்பட்டே இயங்க வேண்டியுள்ளது என்பதே அவரது விளக்கம். அரசியல்வாதிகளிடையே சாதிப் பாகுபாட்டை இவ்வொதுக்கீடு குறைத்ததையும் அவரது 2017ஆம் ஆண்டு நூல் எடுத்துரைக்கிறது.

இவ்வாய்வை வகுப்பறையில் பூனா ஒப்பந்தத்தோடு சேர்த்தே பயிற்றுவிக்க வேண்டும் என்கிறோம். 1932 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட தனி வாக்காளர் தொகுதி முறையில், தலித்துகள் தம் உறுப்பினரைத் தாமே தேர்ந்தெடுத்திருக்க முடியும். காந்தியின் உண்ணாவிரதத்தை அடுத்து, செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் இடங்களை 71இலிருந்து 148ஆக உயர்த்தி, இறுதித் தேர்வைப் பொது வாக்காளரிடம் ஒப்படைத்தது. எனினும், ஒவ்வோர் இடத்துக்கும் நால்வரைத் தலித் வாக்காளர்கள் மட்டுமே முன்தேர்வு செய்யும் ஏற்பாடு அதில் இருந்தது. இன்றைய அரசமைப்புச் சட்டத்தில் அதுவும் இல்லை.